பனியில போன அஞ்சு விரல்

என்னா சார், இதுக்கே போர்வையா? மேல அந்த வட்டத்தைத் திருகுங்க, காத்து நிக்கும். அப்படி இல்ல, இந்தப் பக்கம். விடுங்க, நான் திருகறேன். ஆச்சா? ஏசி பஸ்ஸுன்னு கூடக் காசு குடுத்து ஏறிட்டு, அந்த ஏசியை அடைக்கறதுக்கு ஒரு வேலை.

இந்தக் குளிருக்கே இப்படிச் சுருண்டுக்கறீங்களே, எங்க தொரைக்கு வந்த குளிரைக் கேட்டா என்னா பண்ணுவீங்க? தூங்கப் போறீங்களா? தூங்கிக்கலாம் சார். விருத்தாசலத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு.

எம்பேரு பூராசாமி. வயசு எழுபத்தாறு. பல்லு எல்லாம் என்னுது. எங்க பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துல பெரிய மெஷின் ஒண்ணு இருக்கும், பாத்திருக்கீங்களா? ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், சுத்தி வாளி வாளியாத் தொங்கும். ஒரு வாளியில நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சு எலை போட்டுப் பரிமாறலாம், அவ்ளோ பெருசு. அந்த மெஷினுக்கு நான் ஆப்பரேட்டரா ஆகியிருக்க வேண்டியவன். மேல கண்ணாடி ரூம்புல உக்காந்து, இப்படி ரெண்டு கம்பியைப் புடிச்சுக்கிட்டு, ராசா மாதிரி பூமியை நோண்டியிருக்க வேண்டியவன். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. போச்சு.

கெடுத்தது யாரு தெரியுமா? ருஷ்யாவுல ஒரு பொம்பள. அவளை நான் பார்த்தது கூட இல்ல.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல தப்பு இருக்கான்னு.

அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. சுரங்கத்துல ஜீப் ஓட்டுனேன். டிரைவர்னா நிரந்தரம் இல்ல, தினக்கூலி. நாளைக்கு வராதடான்னா நாளைக்கு இல்ல. இந்த மெஷினை ஜெர்மனியிலேர்ந்து துண்டு துண்டாக் கப்பல்ல கொண்டாந்தானுங்க. பூட்டறதுக்கு ஆளுங்களும் கூடவே வந்தானுங்க. அதுல ஒருத்தன் ஹென்னிங். எங்க வாயில என்னிங்கு தொரை. நாப்பது வயசு இருக்கும், செவசெவன்னு, வெயில்ல காஞ்ச மொளகா மாதிரி. அவனுக்குத்தான் நான் ஜீப்பு.

நல்ல மனுசன் சார், பொய் சொல்லக் கூடாது. ரெண்டு வருசத்துல தமிழு பேசக் கத்துக்கிட்டான். எப்படிப் பேசுவான்னா, "பூரா, ஜீப் எங்கே போச்சு? நான் ரொம்ப சூடு. தண்ணி குடு, நல்ல தண்ணி, மீன் இல்லாத தண்ணி." அது ஏன் மீன் இல்லாத தண்ணின்னு கேக்காதீங்க, அது வேற கதை.

அவன் நடையே தனி. வாத்து நடை. இருங்க, உக்காந்தே காட்டறேன். இப்படி, இப்படி. குதிகாலை அழுத்தி, முன்னங்காலைத் தூக்கி. ஏன்னா பயலுக்கு வெரலு இல்ல. எடது கால்ல மூணு, வலது கால்ல ரெண்டு, மொத்தம் அஞ்சு வெரலு ருஷ்யாப் பனியில போச்சு. கத்திரி வெயில்ல, தார் ரோடு உருகி ஓடுது, இவன் ரெண்டு சோடி கம்பளி சாக்ஸு போட்டிருப்பான். "ஏன் தொரை?"ன்னா, "வெரல் குளிருது"ம்பான். இல்லாத வெரலு எப்படிய்யா குளிரும்?

எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரு சாமி வரம். எது காதுல வுழுந்தாலும் அப்படியே ஒட்டிக்கும். அர்த்தம் தெரியாது, படிப்பு அஞ்சாங் கிளாஸோட சரி. ஆனா எவன் பேசுனாலும் அந்தக் குரலு, அந்த மூச்சு, அந்தக் கையாட்டறது, எல்லாம் நமக்கு வந்துரும். எங்க எஞ்சினியர் மூக்கை உறிஞ்சிட்டு "வாட் இஸ் திஸ்"ம்பாரு, நான் பின்னால நின்னு சொன்னா அவர் சம்சாரமே திரும்பிப் பாக்கும். தொரைக்கு என் நடிப்புன்னா உசுரு. அவன் வாத்து நடையை அவன் முன்னாடியே நடந்து காட்டுவேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்.

அவன்தான் சொன்னான். "பூரா, மெஷின் முதல் கரி எடுக்கும். அன்னிக்கு நான் உனக்குப் பேப்பர் குடுக்கும். நீ ஆப்பரேட்டர்." அவன் எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல மறு பேச்சு இல்ல. அவனே எனக்கு ராத்திரி பகலா கம்பி புடிக்கக் கத்துக் குடுத்தான். ஆபீஸ்ல டைப் அடிச்சும் வெச்சாச்சு. நானே வாங்கி, மடிப்புக் கலையாம பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன். கீழ அவன் கையெழுத்து மட்டும்.

எதுக்குச் சொல்றேன்னா, எனக்கும் அவனுக்கும் பகை எதுவும் இல்ல. நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க.

ஜீப்புல போறப்ப எல்லாம், ரெண்டாம் உலகச் சண்டையில அவன் சோல்ஜரா ருஷ்யாவுக்குப் போன கதைதான். அனல் காத்து மூஞ்சியில அறையுது, இவன் பனியைப் பத்தி பேசறான்.

"எவ்ளோ குளிரு தொரை?"

"நாப்பது."

"நாப்பது இங்கயும்தான் இருக்கு."

"கீழே நாப்பது, பூரா. சைபர் கீழே."

"சைபருக்குக் கீழ என்னா தொரை இருக்கு? எங்க வாத்தியாரு அதோட நிறுத்திட்டாரு."

கேளுங்க சார், இந்தக் கூத்தை. இவனுங்க ருஷ்யா மேல படையெடுத்துப் போனது ஜூன் மாசம். நல்ல வெயிலு. மூணே மாசம், முடிச்சிட்டு வந்துரலாம்னு மேல இருக்கறவனுங்க சொல்லிட்டானுங்க. அதனால எவனும் கம்பளிக் கோட்டு எடுத்துக்கல. எவனாவது கேட்டா, "ஏண்டா, குளிர்காலம் வரைக்கும் இழுக்கும்ங்கறியா? நம்ம ஜெயிக்க மாட்டமா?"ன்னு அர்த்தம் ஆயிருமாம். கோட்டு கேட்டவன் துரோகி.

நம்மாளு எப்படி? ஊட்டிக்கு ஒரு நாள் போறவன் மேட்டுப்பாளையத்துலயே குரங்குக் குல்லா மாட்டிக்கறான். பழனிக்குப் பஸ் ஏறறவன் கூட ஒரு துப்பட்டிப் போர்வையை மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கறான். இவனுங்க ஒரு தேசத்தையே புடிக்கப் போறானுங்க. லட்ச லட்சமா ஆளு, பீரங்கி, டேங்கு, குதிரை, எல்லாம் போகுது. ஒரு பயகிட்ட துப்பட்டி இல்ல!

அப்புறம் வந்துச்சு பாருங்க குளிரு. ரொட்டியைக் கோடாலியால பொளந்தானுங்களாம். டேங்கு கெளம்பணும்னா காலையில அடியில தீ மூட்டி, எஞ்சினை எழுப்பணுமாம், புள்ளைத்தாச்சிக்கு வெந்நி வெக்கிற மாதிரி. ஒண்ணுக்குப் போகணும்னா ரெண்டு பேரு போகணும். ஒருத்தன் போறதுக்கு, இன்னொருத்தன் பட்டனைப் போட்டு விடறதுக்கு. வெரலு மடங்காது. சட்டைக்குள்ள நியூஸ் பேப்பரைத் திணிச்சுக்கிட்டானுங்களாம். "ஜெயிச்சுட்டோம் ஜெயிச்சுட்டோம்"னு அவனுங்க ஊருப் பேப்பரு. அதையே உள்ள போட்டுக்கிட்டு வெளிய நடுங்கிக்கிட்டு நிக்கறது.

கோட்டு வரவே இல்லையான்னு கேட்டேன். வந்துச்சாம், ரயில்ல. பாதி வழியில ஏதோ ஸ்டேஷன்ல ரயிலு நின்னுபோச்சு. ஏன்? எஞ்சின் பைப்புல தண்ணி உறைஞ்சு போச்சு. குளிருக்குக் கோட்டு கொண்டாந்த ரயிலு, குளிரு தாங்காம நின்னுபோச்சு சார்!

இதுல எல்லாத்துக்கும் மேல பூட்ஸு. அவங்க ஊர்ல எல்லாத்துக்கும் அளவு. மெஷின் பூட்டறப்ப ஒரு நட்டு நூலளவு தள்ளியிருந்தா அன்னிக்குப் பூரா என்னிங்கு சோறு திங்க மாட்டான். பூட்ஸும் அப்படித்தான். காலு என்னா அளவோ அதே அளவுல தச்சுக் குடுத்தானுங்க, கச்சிதமா. அடியில வரிசையா இரும்பு ஆணி, பரேடுக்குச் சத்தம் வரணும்ல, டக்கு டக்குன்னு. ருஷ்யாக்காரன் என்னா பண்ணான்? ரெண்டு சைஸ் பெருசா தொளதொளன்னு போட்டுக்கிட்டு உள்ள வைக்கோலைத் திணிச்சுக்கிட்டான். கதகதன்னு நின்னான். இவனுங்க கச்சிதப் பூட்ஸுல ஒரு சாக்ஸுக்கு மேல எறங்காது. அந்த இரும்பு ஆணி வழியாக் குளிரு கரண்டு மாதிரி ஏறுது. கச்சிதத்தால கால் போன கும்பல் உலகத்துலயே இவனுங்கதான்.

ஒரு நாள் காவலுக்கு நின்னவனை மாத்தி விடப் போனானாம் நம்ம தொரை. "டேய், போடா, போய்ப் படுடா"ன்னானாம். அவன் போகல. "டேய், செவிடா"ன்னு தோளைத் தொட்டானாம். அப்படியே பலகை மாதிரி சாஞ்சுட்டான். துப்பாக்கியைப் புடிச்ச கை புடிச்சபடியே. நான் இதை நடிப்பேன் பாருங்க, வெறைப்பா நின்னு, அப்படியே மல்லாக்க வுழுவேன், கை மட்டும் மேல நிக்கும். கேண்டீன்ல சிரிச்சுச் சிரிச்சு ஜனங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். தொரையும் சிரிப்பான். "பூரா, சோல்ஜர் போடு, சோல்ஜர் போடு"ன்னு அவனே கேப்பான்.

கடைசியில தோத்துட்டு, நொண்டிக்கிட்டு, பின்னாலயே திரும்பி நடந்து வந்தானுங்க. அதுக்கு ஒரு மெடலு குடுத்தானாம். குளிரு தாங்குனதுக்கு மெடலு. அதுக்கு சோல்ஜருங்க வெச்ச பேரு ஐஸுல வெச்ச கறி மெடலாம். வெரலை வாங்கிக்கிட்டுத் தகரத்தைக் குடுத்தானுங்க. பண்டமாத்து.

ஒரு எடம் மட்டும் அவன் நழுவுவான். நடுவுல அவனுக்குக் கம்பளியில செஞ்ச ருஷ்யாப் பூட்ஸு ஒரு சோடி கெடச்சுதாம். முட்டி வரைக்கும் வருமாம், ஆணி கீணி ஒண்ணும் கெடையாது.

"எங்க தொரை கெடச்சுது?"

"கெடச்சுது."

"யாரு குடுத்தா?"

"கெடச்சுது, பூரா. ரோடு பாரு."

ரெண்டே நாளு போட்டிருந்தானாம். மூணாம் நாளு அவனுக்கு மேல இருந்த சார்ஜெண்டு, "கழட்டுடா"ன்னு புடுங்கிக்கிட்டான். அதுக்கப்புறம்தான் வெரலு போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது சார். அடுத்தவன் கால்ல இருக்கற பூட்ஸைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போறானே, அவனெல்லாம் மனுசனா? பாவம் தொரை.

இப்பத்தான் விஷயத்துக்கு வரேன்.

சுரங்கம் வெட்டற எடத்துல ஒரு ஊரு இருந்துச்சு. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்து எல்லாம் ஆச்சு. நானும் தொரையும் ஜீப்புல போறோம். ஒரு பொம்பள சாமான் செட்டெல்லாம் ரோட்டுல போட்டு அது நடுவுல உக்காந்திருக்கா. எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு, மண்ணை வாரி ஜீப்பு மேல தூத்துனா. "நீங்க நல்லா இருப்பீங்களாடா? வெளங்குவீங்களாடா?"ன்னு ஒரே கத்தல். நான் ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்டேன். நோட்டீஸ் குடுத்தாச்சு, அப்புறமும் உக்காந்திருந்தா நாங்க என்னா பண்றது?

தொரை கேட்டான், "பூரா, அது என்ன? மண் போடுது?"

"சாபம் தொரை." சாபம்னா என்னான்னு வெளக்குனேன். வயிறெரிஞ்சு ஒருத்தர் வாயால சொன்னா அப்படியே பலிச்சுரும், கை கால் போயிரும்னு கொஞ்சம் மசாலா சேத்தே சொன்னேன். அவன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு.

அந்த வாரமே அவனுக்குக் குளிர் ஜுரம். மலேரியா. மத்தியான வெயில்ல ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறேன், பின் சீட்டுல படுத்துக்கிட்டு ஜீப்பே ஆடற மாதிரி நடுங்கறான். சாக்கு, தார்ப்பாய், என் சட்டை, எல்லாத்தையும் மேல போட்டேன். நிக்கல. நடுங்கிக்கிட்டே எந்திரிச்சு உக்காந்து பேச ஆரம்பிச்சான். மத்த கதை எல்லாம் தமிழ்ல சொல்லுவான், இது மட்டும் அவன் பாஷையில. ஆனா கையால காட்டறான் பாருங்க, அதுல எனக்கு எல்லாம் புரிஞ்சுது.

துப்பாக்கி. கதவை ஒதைக்கறது. உள்ள ஒரு பொம்பள. கையை முட்டி உயரத்துக்குக் காட்டுனான், அப்புறம் அதுக்கும் கீழ ஒரு தடவை காட்டுனான். ரெண்டு ஆட்டுக்குட்டி போலருக்கு, வீட்டுக்குள்ளயே கட்டியிருப்பாங்க குளிருக்குன்னு நெனச்சேன். வெளிய போ, வெளிய போன்னு துப்பாக்கியால தள்ளறான். அப்புறம் குனிஞ்சு அவ காலைப் புடிச்சு இழுக்கறான். பூட்ஸு! ஓகோ, இப்படித்தான் கெடச்சுதான்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அவ குரல்ல பேசுனான் சார். சன்னமா, மூச்சு வாங்க, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்ப. "வாலின்கி அஸ்தாஃப், ஸினோக். வாலின்கி அஸ்தாஃப், ஸினோக்." இருவது வருசம் கழிச்சு அப்படியே வெச்சிருக்கான். அவனுக்கும் அர்த்தம் தெரியாது, சத்தம்தான் தெரியும். என்னை மாதிரியே ஒரு நடிகன்தான் அவனும், நான் நெனச்சதை விடப் பெரிய நடிகன்.

முடிச்சிட்டு, என் தோளைப் புடிச்சு தமிழ்ல சொன்னான். "பூரா, அது சாபம். அவ சாபம் போட்டுச்சு. கால் போச்சு."

"வுடு தொரை. ருஷ்யா சாபம் இங்க வரைக்கும் வராது"ன்னு நான் தைரியம் சொன்னேன்.

இருங்க, பஸ்ஸு நிக்குது. டீ வேணுமா? வேணாமா? சரி, கதையை வுட்டா எனக்கும் மறந்துரும்.

எங்க ஊருல ருஷ்யாக்காரங்களும் இருந்தாங்க. மெஷினு ஜெர்மனிக்காரன், கரண்டு எடுக்கற எடம் ருஷ்யாக்காரன். ரெண்டு கும்பலும் ஒரே கடையில கத்திரிக்கா வாங்குவானுங்க, ஒருத்தனை ஒருத்தன் பாக்க மாட்டானுங்க. ருஷ்யாக்காரங்களுக்குப் பேசிக் குடுக்கறதுக்கு தமாரான்னு ஒரு அம்மா. தமிழு படிச்சுட்டு வந்தவங்க. ஆனா புஸ்தகத் தமிழு. "வணக்கம் ஐயா, தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமா?" எங்க வீட்டுல எல்லாரும் கூரைக் குடிசையில இருக்கோம்மா, இல்லத்துல யாரும் இல்லைன்னேன். "மிக்க மகிழ்ச்சி"ன்னுட்டுப் போச்சு.

மொதல் கரி எடுத்த அன்னிக்குப் பெரிய விழா. காலையில பதினோரு மணி, பந்தல், மாலை, பஜ்ஜி. ஒரு பக்கம் ஜெர்மனிக்காரனுங்க, ஒரு பக்கம் ருஷ்யாக்காரங்க, நடுவுல நம்ம ஆபீசருங்க வேர்த்துக்கிட்டு. பின்னால ஜனம். பேச்சு எல்லாம் முடிஞ்சுது, கலை நிகழ்ச்சின்னாங்க, மேடைக்கு என்னைத் தள்ளிவுட்டாங்க. பெட்டியிலேர்ந்து பேப்பரை எடுத்துச் சட்டைப் பையில வெச்சிருக்கேன். நடிப்பு முடிஞ்சதும் நேரா போய் தொரைகிட்ட கையெழுத்து. அதான் ஏற்பாடு.

மூக்குறிஞ்சி எஞ்சினியரைப் போட்டேன், கைத்தட்டல். தொரை நடையைப் போட்டேன், விசில். முன் வரிசையில உக்காந்துக்கிட்டு தொரையே, "சோல்ஜர் போடு பூரா!"ங்கறான். துடைப்பக்கட்டையை எடுத்துத் துப்பாக்கியாப் புடிச்சேன். நியூஸ் பேப்பர் திணிச்சேன், பட்டன் போட்டேன், காவக்காரனாட்டம் மல்லாக்க வுழுந்தேன். பந்தலே ஆடுது சார். ருஷ்யாக்காரங்க கூடச் சிரிக்கறாங்க, ஏன் சிரிக்க மாட்டாங்க, தோத்தது யாரு?

அவ்ளோ கைத்தட்டல் கேட்டா ஒரு மனுசன் நிறுத்துவானா? நீங்க நிறுத்துவீங்களா? என்கிட்ட புதுசா ஒண்ணு இருந்துச்சு. எங்கயும் போடாதது.

தலையில துண்டைப் போட்டா பொம்பள, எடுத்தா சோல்ஜர். கதவை ஒதைச்சேன். "மே, மே"ன்னு ரெண்டு ஆட்டுக்குட்டியை வெரட்டுனேன். ஜனம் வுழுந்து வுழுந்து சிரிக்குது. பூட்ஸை இழுத்தேன், துண்டைப் போட்டுக்கிட்டேன், அந்தம்மா குரலு, அந்த மூச்சு, அப்படியே. "வாலின்கி அஸ்தாஃப், ஸினோக்! வாலின்கி அஸ்தாஃப், ஸினோக்!" எங்க ஜனத்துக்கு அது சும்மா வெள்ளைக்காரப் பேச்சு, இன்னும் சிரிக்கறாங்க.

ருஷ்யாக்காரங்க பக்கம் மட்டும் சத்தம் இல்ல. தமாரா அம்மா எந்திரிச்சு நின்னுச்சு.

"நிறுத்துங்கள்!"

நான் என்னா நெனச்சேன், பாராட்டறாங்கன்னு. கும்பிட்டேன்.

"இந்தச் சொற்களைத் தங்களுக்குக் கற்பித்தவர் யார்?"

"யாரா? நம்ம தொரைதாம்மா!" பெருமையா கையை நீட்டுனேன். "அதோ, மொத வரிசையில!"

அந்தம்மா நேரா அவன்கிட்ட போச்சு. அவன் எந்திரிச்சுட்டான். இதுல வேடிக்கை என்னா தெரியுமா சார்? அவனுக்கு அவ பாஷை தெரியாது, அவளுக்கு அவன் பாஷை தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டது தமிழ்ல. ஜெர்மனியும் ருஷ்யாவும் எங்க ஊரு பந்தல்ல தமிழ்ல பேசுச்சு. எவன் பாத்திருப்பான்? நான் பாத்தேன்.

"உனக்குத் தெரியுமா?" இவன் கேக்கறான். "அவ என்ன சொல்லுது?"

"இத்தனை ஆண்டுகள் தாங்கள் யாரையும் கேட்கவில்லையா?"

"கேக்கலே. பயம். அது சாபம்."

"சாபம் அன்று. 'கம்பளிக் காலணியை விட்டுவிடு, மகனே.' அவ்வளவுதான்."

"மகனே?"

"மகனே. எங்கள் ஊரில் முன்பின் அறியாத இளைஞனையும் பெண்கள் அப்படித்தான் அழைப்பார்கள்."

அந்தம்மா மெதுவா கேட்டுச்சு. "உடன் இருந்தவை ஆடுகளா?"

அவன் தலையை ஆட்டுனான், இல்லைன்னு. "ஆடு இல்லே."

"அவர்கள் எங்கே போனார்கள்?"

"வெளியே"ன்னான். அப்புறம், "பனி"ன்னான்.

அவ்ளோதான். அந்தம்மா திரும்பிப் போய் உக்காரல, பந்தலை வுட்டே போயிருச்சு. அது பின்னால ருஷ்யாக்காரங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. நான் மேடையில துண்டும் துடைப்பமுமா நிக்கறேன். நல்லா போய்க்கிட்டிருந்த நடிப்பு, சப்புன்னு ஆயிருச்சு. மைக்குல எவனோ "அடுத்து கோலாட்டம்"னு சொல்லிட்டான். சரி, ஆடு இல்லையாம், புள்ளைங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? கையால காட்டுனா ரெண்டும் ஒரே உயரம்தான. அவன் ஒழுங்கா சொல்லியிருக்கணும்.

ரெண்டு நாளு தொரை வேலைக்கு வரல. பேப்பரை எடுத்துக்கிட்டுப் போனா கதவு தொறக்கல. மூணாம் நாளு கூப்புட்டனுப்புனான். ஊருக்குப் போறானாம். மெஷின்ல பாதி வேலை கெடக்கு, கச்சிதக்காரன், ஒரு நட்டு தள்ளியிருந்தா சோறு திங்காதவன், போட்டது போட்டபடி கெளம்பிட்டான். விருத்தாசலம் ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டு வுட்டேன்.

பிளாட்பாரத்துல பெஞ்சுல உக்கார வெச்சு, பேப்பரை அவன் மடியில விரிச்சு, பேனாவைத் தொறந்து கையில குடுத்தேன். "தொரை, ஒரு கையெழுத்து."

பேனாவைப் புடிச்சுக்கிட்டான். "பூரா, அவ மாதிரி சொல்லு."

"எவ மாதிரி?"

"நீ தெரியும். சொல்லு."

"கையெழுத்தைப் போட்டுட்டா சொல்றேன் தொரை." வெளையாட்டுக்குத்தான் சொன்னேன், கொஞ்சம் நெசமாவும்தான்.

"சொல்லு. போடறேன்."

துண்டைத் தலையில போட்டுக்கிட்டு சொன்னேன். அதே குரல்ல.

"மறுபடி."

மறுபடி சொன்னேன். பேனா பேப்பரைத் தொடல. "மறுபடி"ங்கறான். போர்ட்டருங்க நாலு பேரு கூடி நின்னு வேடிக்கை பாக்கறானுங்க, ஒருத்தன் கைத்தட்டுறான். எட்டு தடவை சார். எண்ணிக்கிட்டேன். எட்டு தடவையும் ஒரு சுருதி எறங்காம சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கிட்டு கேக்கறான். பக்கத்துல வந்து நின்ன ரயிலைக் கூடப் பாக்கல.

"தொரை, வண்டி வந்துருச்சு. கையெழுத்து!"

கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான். எனக்கு மனசு கேக்கல. ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம்னு சொன்னேன், "என்னா தொரை நீ? இருவது வருசமா சாபம் சாபம்னு பயந்துக்கிட்டு கெடந்த. இப்பத்தான் சாபம் இல்லைன்னு தெரிஞ்சு போச்சே. மகனேன்னு இல்ல கூப்ட்டிருக்கு அந்தம்மா. சந்தோசமா போய்ட்டு வா."

"திட்டணும், பூரா"ன்னான். "அவ என்னைத் திட்டணும்."

பேப்பரை நாலா மடிச்சுத் தன் பையில வெச்சுக்கிட்டான். ஏறிட்டான். ரயிலு போயிருச்சு. கையெழுத்து போடலைன்னாலும் பரவாயில்ல, டைப் அடிச்ச பேப்பரையும் கொண்டு போயிட்டான். என் பேனாவையும்.

அடுத்து வந்த தொரை என்னை ஜீப்புலேர்ந்தே எறக்கிட்டான். நாப்பது வருசம் செங்கல் லாரி ஓட்டுனேன். இன்னிக்கும் அந்த மெஷினு சுத்தறது எங்க வீட்டு வாசல்லேர்ந்து தெரியும்.

இப்ப நீங்களே சொல்லுங்க சார், நியாயத்தை. நல்ல சேதி வாங்கிக் குடுத்தவன் நான். அதுக்கு எனக்குக் கெடச்ச கூலி இது. எல்லாம் அந்தப் பொம்பளையால. பூட்ஸு போச்சு, வீடு போச்சு, புள்ளைங்களோட பனியில நிக்கறா. இனிமே என்னா இருக்குன்னு அவ அவ்ளோ மரியாதையாப் பேசணும்? வாயைத் தொறந்து நாறத் திட்டித் தொலைச்சிருந்தா அந்தாளு நிம்மதியாக் கையெழுத்தைப் போட்டிருப்பான். நான் ஆப்பரேட்டரு சார்.